39 முறை திரும்பி வந்த ஓடம்

வாஷிங்டனுக்கு வரும் நம்மவர்கள் பலர் இறங்குவது டல்லஸ் விமான நிலையத்தில். (கென்னடி சுடப்பட்ட டெக்சாஸ் நகரமான டல்லாஸ் வேறு. இது ஐசனோவர் காலத்து வெளியுறவு அமைச்சரின் பெயர்.) பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உறவினர் வீட்டுக்கு விரையும் அவசரத்தில், விமான நிலையத்தின் தெற்கு ஓரத்தில் பெரிய நெற்குதிரைப் படுக்கவைத்த மாதிரி வளைந்து கிடக்கும் கட்டடத்தை யாரும் அதிகம் கவனிப்பதில்லை.

அதன் பெயர் உட்வார்-ஹேஸி மையம். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் விமானங்களை வாடகைக்கு விட்டே பெரும் பணக்காரரான ஒருவர் 6.5 கோடி டாலர் நன்கொடை கொடுத்ததால் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமான, விண்வெளி அருங்காட்சியகம் வாஷிங்டன் நகரின் நடுவே இருக்கிறது. அங்கே அடங்காத பெரிய உருப்படிகளுக்காக 2003 டிசம்பரில் திறக்கப்பட்டது இது. நுழைவுக் கட்டணம் இல்லை. காரை நிறுத்தத்தான் காசு கேட்கிறார்கள்.

உள்ளே போனதும் எதிரில் நிற்பது எஸ்ஆர்-71 என்ற உளவு விமானம். கன்னங்கரேல் என்று, கோபத்தில் இருக்கும் ஒரு மிருகத்தைப் போல. ஒரு பக்கம் ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே பளபளவென்று நிற்கிறது. இன்னொரு பக்கம் கன்கார்டு. இவற்றையெல்லாம் தாண்டி, எஸ்ஆர்-71-க்கு நேர் பின்னால் இன்னொரு கூடத்தின் வாசல். அதற்குள்ளிருந்து ஒரு மழுங்கிய மூக்கு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

டிஸ்கவரி விண்வெளி ஓடம். 1984 முதல் 2011 வரை 39 பயணங்கள். விண்ணில் கழித்தது மொத்தம் 365 நாட்கள், துல்லியமாக ஒரு வருஷம். பூமியைச் சுற்றியது 5,830 தடவை. ஓடிய தூரம் கிட்டத்தட்ட 24 கோடி கிலோமீட்டர். இத்தனை வேலை பார்த்த விண்கலம் உலகத்தில் வேறு கிடையாது.

முதலில் கண்ணில் படுவது அதன் அழுக்கு. படங்களில் பார்த்த வெள்ளை வெளேர் ஓடம் இது இல்லை. மூக்கின் ஓரங்களில் பழுப்புத் தீற்றல்கள். பக்கவாட்டில் தீ நக்கிய கோடுகள். சமையலறைச் சுவரில் வருஷக்கணக்கில் படிந்த புகை போன்ற ஒரு நிறம். பெயின்ட் அடித்துப் புதிதாக்கியிருக்கலாம். அருங்காட்சியகக்காரர்கள் வேண்டாம் என்று முடிவு செய்து, கடைசிப் பயணத்திலிருந்து இறங்கிய கோலத்திலேயே விட்டுவிட்டார்கள். இந்த இடத்துக்கு வருவதற்கான காரணமே அந்த முடிவுதான் என்பேன். அதனால் இங்கே தோலைப் பார்த்தே சரித்திரம் படிக்கலாம்.

37 மீட்டர் நீளம், 24 மீட்டர் இறக்கை. சக்கரங்களை இறக்கி, ஓடுபாதையில் நிற்பது போலவே நிற்கிறது. குனிந்து வயிற்றைப் பார்த்தால் கறுப்பு ஓடுகள், வரிசை வரிசையாக. மொத்த உடம்பிலும் சுமார் 24,000 ஓடுகள். மணலிலிருந்து எடுத்த சிலிக்கா நாரினால் ஆனவை. பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று என்பதால் கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு வராது என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் எழுதியிருக்கிறார்கள். பல பயணம் போன ஓடு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. பழுதுபட்டு மாற்றிய புது ஓடு கரியாக மின்னுகிறது. பல் விழுந்து முளைத்த குழந்தையின் வாய் மாதிரி இருக்கிறது அந்த வயிறு.

பூமிக்குத் திரும்பும்போது 1,200 டிகிரிக்கு மேல் போகும் சூட்டை இந்த ஓடுகள் தாங்கவேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலும் மூக்கிலும் சூடு இன்னும் அதிகம். அங்கே ஓடு போதாது, கார்பன் தகடுகள். அவற்றில் கையகலம் ஓட்டை விழுந்தாலும் கதை முடிந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

வால்பக்கம் போனால் மூன்று பெரிய எஞ்சின் வாய்கள். அவை அசல் இல்லை, காட்சிக்காகச் செய்தவை. ஓடங்களின் அசல் எஞ்சின்களை நாசா புதிய ராக்கெட்டுகளுக்காக எடுத்து வைத்துக்கொண்டது. ஓடங்களில் பலமுறை பறந்த நான்கு எஞ்சின்கள் 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 பயணத்தில் எரிந்து, ராக்கெட்டோடு கடலில் போய்ச் சேர்ந்தன. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்று செய்த எஞ்சின்கள், ஒரே தடவை பயன்படும் ராக்கெட்டில். ஓடத் திட்டத்தைப் பற்றி இதைவிடப் பொருத்தமான கிண்டலை யாரும் யோசித்திருக்க முடியாது.

ஏனென்றால் அதை விற்றதே மலிவு என்று சொல்லித்தான். 1970-களில் திட்டத்தை முன்வைத்தவர்கள், விமானத்தைப் போல இறங்கும், இரண்டு வாரத்தில் துடைத்து மறுபடி ஏவலாம், வருஷத்துக்கு ஐம்பது அறுபது பயணம் என்றார்கள். நடந்தது என்ன? அதிகபட்சம் 1985-ல் 9 பயணங்கள். ஒவ்வொரு தடவையும் ஓடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எஞ்சின்களைக் கழற்றிப் பார்த்து, மறுபடி கோக்க மாதங்கள் பிடித்தன. எல்லாச் செலவையும் 135 பயணங்களுக்கு வகுத்தால் பயணத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பழைய அம்பாசடர் காரைப் பட்டறையிலேயே வைத்து ஓட்டியவர்களுக்கு இந்தப் பொருளாதாரம் புரியும்.

டிஸ்கவரியின் முதல் பயணமே தகராறு. 1984 ஜூன் 26 அன்று எஞ்சின்கள் பற்றிக்கொண்ட பிறகு, மேலே கிளம்ப சில வினாடிகள் இருக்கும்போது, கம்ப்யூட்டர் கோளாறு கண்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. ஏவுதளத்தில் ஹைட்ரஜன் கசிந்து கண்ணுக்குத் தெரியாத தீ எரிந்தது. உள்ளே ஆறு பேர். எஞ்சின் அணையும்போது இன்னும் உயரத்தில் இருப்போம் என்றல்லவா நினைத்தேன் என்று அவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஹாலி ஜோக்கடித்தார். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று அதே ஆறு பேர் போய்விட்டு நல்லபடியாகத் திரும்பினார்கள். அந்த ஆறு பேரில் ஜூடித் ரெஸ்னிக் என்ற பெண் எஞ்சினியரும் ஒருவர். அவருக்கு அது முதல் பயணம். பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நவம்பரில் ஒரு சாகசம். தவறான பாதையில் போய் மாட்டிக்கொண்ட இரண்டு செயற்கைக்கோள்களை, ஒன்று இந்தோனேஷியாவுடையது, விண்வெளி வீரர்கள் முதுகில் கட்டிய ஜெட் பையுடன் மிதந்து போய்ப் பிடித்து, டிஸ்கவரியின் வயிற்றில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிடித்தபின் ‘விற்பனைக்கு’ என்று அட்டை காட்டிப் புகைப்படம் வேறு. ஓடம் எதையும் செய்யும் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த காலம் அது.

பிறகு வருகிறது 1985 ஜனவரி. பார்வையாளர்கள் யாரும் இந்த மாதத்தைப் பற்றிக் கேட்பதாகத் தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஓடத்தின் சரித்திரத்தில் மிக முக்கியமான மாதம் அதுதான்.

ராணுவத்தின் ரகசியப் பயணம். ஃபுளோரிடாவில் அந்த வாரம் வழக்கமில்லாத கடும் குளிர். ஒருநாள் தள்ளிப்போட்டு 24-ந் தேதி ஏவினார்கள். பயணம் வெற்றி. ஆனால் ஓடத்தின் இருபுறமும் ஏவும்போது எரியும் பக்க ராக்கெட்டுகள் பாரசூட்டில் கடலில் இறங்க, அவற்றை இழுத்துவந்து பிரித்துப் பார்த்தார் ரோஜர் போஜொலே. ராக்கெட் தயாரித்த தயோகால் கம்பெனியின் எஞ்சினியர். அந்த ராக்கெட்டுகள் பல துண்டுகளை அடுக்கிச் சேர்த்தவை. ஒவ்வொரு இணைப்பிலும் வாயு வெளியே கசியாமல் தடுக்க இரண்டு ரப்பர் வளையங்கள். கனம் சுமார் 7 மில்லிமீட்டர், அவ்வளவுதான். முதல் வளையத்தைத் தாண்டி உள்ளே கரி படிந்திருந்தது. அதாவது, நெருப்பு முதல் பூட்டை உடைத்துவிட்டு இரண்டாவது பூட்டின் வாசலில் நின்றிருக்கிறது. இணைப்பின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். குளிரில் ரப்பர் விறைத்து, நேரத்துக்கு விரிந்து அடைக்கவில்லை என்பது போஜொலேவின் முடிவு. பேரழிவு நேரலாம் என்று 1985 ஜூலையில் மேலதிகாரிகளுக்குக் குறிப்பும் எழுதினார்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சாலஞ்சர் ஏவப்படவேண்டும். மறுபடி உறைபனிக் குளிர். போஜொலேவும் சகாக்களும் டெலிபோனில் நாசா அதிகாரிகளிடம் ஏவாதீர்கள் என்று வாதாடினார்கள். அவர்கள் காட்டிய முக்கிய ஆதாரம் டிஸ்கவரியின் அந்தக் கரி. அதிகாரிகள் கேட்டது இன்னும் திட்டவட்டமான நிரூபணம். கடைசியில் கம்பெனியின் நிர்வாகிகளே எஞ்சினியர்களை ஒதுக்கிவிட்டுச் சம்மதம் கொடுத்தார்கள். காலையில் ஏவியபோது வெப்பநிலை 2 டிகிரி. 73-வது வினாடியில் சாலஞ்சர் சிதறியது.

இறந்த ஏழு பேரில் ஒருவர் எலிசன் ஒனிசுகா. அவருடைய முதல் பயணம் எது தெரியுமா? டிஸ்கவரியின் அதே 1985 ஜனவரிப் பயணம். அந்தக் கரி படிந்த வளையத்தின் மேல் உட்கார்ந்து போய், ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தவர். ஜூடித் ரெஸ்னிக்கும் சாலஞ்சரில் இருந்தார்.

டிஸ்கவரி நல்ல ராசி உள்ள ஓடம் என்று சொல்வார்கள். அதே தொழிற்சாலை, அதே வளையம், அதே குளிர். ஒரு வருஷம் முன்னால் இது தப்பியது, இதன் அக்கா தப்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றது அந்த இரண்டாவது வளையம் மட்டும்.

சாலஞ்சர் விபத்து நம் வீட்டையும் தொட்டது. தூர்தர்ஷனை நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோன இன்சாட்-1பி, 1983 ஆகஸ்டில் ஏறிப் போனது அதே சாலஞ்சரில்தான். அடுத்த இன்சாட்-1சி-யும் ஓடத்தில் போவதாகவும், உடன் ஓர் இஸ்ரோ விஞ்ஞானி போவதாகவும் ஏற்பாடு. பி.ராதாகிருஷ்ணன், என்.சி.பட் என்ற இருவரைத் தேர்ந்தெடுத்தும் இருந்தார்கள். விபத்தோடு அது ரத்தாகி, இன்சாட்-1சி 1988 ஜூலையில் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் ஆள் துணையின்றிப் போனது.

இரண்டே முக்கால் வருஷம் ஓடங்கள் முடங்கிக் கிடந்தன. மறுபடி முதலில் யார் போவது? டிஸ்கவரி. வளையங்களைத் திருத்தி அமைத்து, 1988 செப்டம்பர் 29-ல் ஏவினார்கள். ஐந்து பேர் போனார்கள், ஐவரும் ஏற்கெனவே விண்வெளிக்குப் போய்வந்த அனுபவசாலிகள். வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வெளியே கிளம்பி வேலையைப் பார்க்க வேண்டிய பிள்ளை ஒன்று இருக்குமே, டிஸ்கவரிக்கு அந்த வேஷம். அதையே இரண்டாவது தடவையும் போட வேண்டியிருந்தது.

நடுவில் நல்ல வருஷங்கள். 1990 ஏப்ரலில் ஹப்புள் தொலைநோக்கியைச் சுமந்துபோய் 600 கிலோமீட்டருக்கு மேல் விட்டு வந்தது. கண்ணாடியில் குறை என்று உலகமே சிரித்தது வேறு கதை. பின்னால் இரண்டு தடவை போய் ஹப்புளுக்குப் பழுதும் பார்த்தது. 1994-ல் கிரிகல்யோவ் என்ற ரஷ்யரை ஏற்றிப் பனிப்போருக்கு ஒரு முற்றுப்புள்ளி. 1995-ல் ஐலீன் காலின்ஸ், ஓடத்தின் முதல் பெண் பைலட். அதே வருஷம் மரங்கொத்திகள். ஏவுதளத்தில் நின்ற எரிபொருள் தொட்டியின் நுரைப் பூச்சை மரம் என்று நினைத்துக் கொத்திக் கொத்தி ஏறக்குறைய 200 ஓட்டை போட்டுவிட்டன. பயணத்தைத் தள்ளிப்போட்டு, ஓடத்தைத் திருப்பிக் கொண்டுபோய் அடைத்தார்கள். பறவைகளை விரட்டப் பிளாஸ்டிக் ஆந்தைகளை வைத்தது நாசா. வயலில் சோளக்கொல்லை பொம்மை வைக்கிற நம் விவசாயிக்கு இருக்கிற அறிவுதான் விஞ்ஞானிகளுக்கும்.

1998-ல் 77 வயது ஜான் க்ளென். பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர், 36 வருஷத்துக்குப் பிறகு இரண்டாவது தடவை போனது டிஸ்கவரியில். 1999-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு முதன்முதலில் இணைந்த ஓடமும் இதுவே. அந்தப் பயணத்தின் பைலட் ரிக் ஹஸ்பண்டுக்கு அது முதல் பயணம். இரண்டாவது பயணத்தில் அவர் கமாண்டராக உயர்ந்தார். அது கொலம்பியா, 2003.

கொலம்பியாவைப் பற்றி இந்திய வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கர்னால் பெண் கல்பனா சாவ்லா அதில் இருந்தார். ஏவிய 82-வது வினாடியில் எரிபொருள் தொட்டியின் நுரைப் பூச்சில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பைத் துளைத்தது. மேலே இருந்த 16 நாளும் யாருக்கும் அதன் விபரீதம் புரியவில்லை. பிப்ரவரி 1, தரையிறங்க 16 நிமிஷம் இருந்தபோது டெக்சாஸ் வானத்தில் எரிந்து உதிர்ந்தது. நுரை பிய்ந்து விழுவது புதிதல்ல. முந்திய பல பயணங்களில் விழுந்து, ஓடுகளில் கீறல் போட்டு, பராமரிப்புத் தலைவலி என்ற அளவில் பழகிப்போனது. ரப்பர் வளையத்துக்கு நடந்ததேதான் நுரைக்கும் நடந்தது.

எனவே ரெஸ்னிக், ஒனிசுகா, ஹஸ்பண்ட். இரண்டு விபத்திலும் இறந்த 14 பேரில் இந்த மூவரை முதன்முதலாக விண்வெளி காட்டி, பத்திரமாக வீடு சேர்த்தது இங்கே நிற்கும் இந்த ஓடம். கூடத்தில் சுற்றிச் சுற்றி வரும்போது அந்த மூடிய பக்கவாட்டுக் கதவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உள்ளே போக அனுமதி கிடையாது. எத்தனை குழந்தைகள் கேட்டு ஏமாறுகிறார்கள்.

2005 ஜூலை 26, மறுபடி டிஸ்கவரி, கமாண்டர் ஐலீன் காலின்ஸ். இரண்டரை வருஷம் தொட்டியைத் திருத்தியும், ஏவும்போது பெரிய நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து பறந்ததை எல்லோரும் காமிராவில் பார்த்தார்கள். ஓடத்தில் படாமல் போனது. மறுநாளே அடுத்த பயணங்களை நிறுத்திவைத்தது நாசா. மேலே காலின்ஸ் ஓடத்தை மெள்ளக் குட்டிக்கரணம் அடிக்கவைத்து, விண்வெளி நிலையத்திலிருந்தவர்கள் வயிற்றைப் படம் எடுக்க வழிசெய்தார். ஓடுகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் அடைப்புத் துணி துருத்திக்கொண்டிருந்தது. ஸ்டீபன் ராபின்சன் இயந்திரக் கையின் நுனியில் தொங்கிக்கொண்டு ஓடத்தின் அடிப்புறம் போய், இரண்டையும் விரலால் உருவி எடுத்தார். அதுவரை ஓடம் மேலே இருக்கும்போது யாரும் அந்த வயிற்றருகே போனதில்லை. நாம் இப்போது சாவகாசமாகக் குனிந்து பார்க்கும் வயிறு.

2006 டிசம்பர் 9 இரவு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, சுனிதா வில்லியம்ஸ் முதன்முதலாக விண்வெளிக்குப் போனதும் டிஸ்கவரியில். நான்கு வருஷத்துக்குப் பின் நடந்த முதல் இரவு ஏவுதல் அது. கொலம்பியாவுக்குப் பிறகு நுரை விழுவதைப் படம் பிடிக்கப் பகலில்தான் ஏவவேண்டும் என்று வைத்திருந்தார்கள். திரும்பி வந்தது 2007 ஜூனில், அட்லாண்டிஸில்.

2011 மார்ச் 9, கடைசி இறக்கம். 2012 ஏப்ரல் 17 அன்று ஒரு போயிங் 747-ன் முதுகில் ஏறி வாஷிங்டன் நகரத்தின் மேல் தாழப் பறந்து வந்தது. ஆபீஸ் மொட்டைமாடிகளெல்லாம் ஜனம். இரண்டு நாள் கழித்து, அதுவரை இந்தக் கூடத்தில் இருந்த சோதனை ஓடம் எண்டர்பிரைஸுக்கு எதிரே மூக்கும் மூக்குமாக நிறுத்திவைத்தார்கள், ஜான் க்ளென் முன்னிலையில். எண்டர்பிரைஸ் நியூயார்க் போனது. அட்லாண்டிஸ் ஃபுளோரிடாவில். எண்டவர் லாஸ் ஏஞ்சலிஸில், ஏவுவதற்குத் தயாரான கோலத்தில் நெட்டுக்குத்தாக.

ஹூஸ்டனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 135 பயணங்களையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நடத்தியது ஹூஸ்டன். அந்த வருத்தம் நியாயமானது, மனசில் தங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் டெக்சாஸின் இரண்டு செனட்டர்கள் டிஸ்கவரியை ஹூஸ்டனுக்கு மாற்ற மசோதா கொண்டுவந்தார்கள். ஜூலையில் நிறைவேறிய பெரிய பட்ஜெட் சட்டத்தில், எந்த ஓடம் என்று பெயர் சொல்லாமல், ஒரு விண்கலத்தை மாற்ற 8.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2012-லேயே நாசா முழு உரிமையோடு எங்களிடம் கொடுத்தாகிவிட்டது என்கிறது ஸ்மித்சோனியன். அந்தப் பணம் போதாது, தூக்கிப்போக ஓடத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்க நேரலாம், பிரித்தால் ஓடுகள் தாங்காது என்பது அவர்கள் கவலை. வெளியே பார்க்கத் திடமாகத் தெரிகிற இந்த உடம்பு, ஓடுகள் விஷயத்தில் அப்பளம்.

எனக்கு ஹூஸ்டன் மேல் அனுதாபம் உண்டு. ஆனால் அந்த வயிற்றைப் பார்த்த பிறகு, ரம்பத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோகும் எந்த யோசனைக்கும் கை தூக்க மனம் வரவில்லை.

முன்போல் முதுகில் ஏற்றிப் போகவும் வழியில்லை. ஓடங்களைச் சுமந்த 747-கள் இரண்டுதான். இரண்டும் ஓய்வு பெற்றாயிற்று. ஒன்று கலிபோர்னியாவில், பாம்டேலில் நிற்கிறது, டிஸ்கவரி உருவான அதே ஊரில். 2012-ல் டிஸ்கவரியை இங்கே சுமந்துவந்த மற்றொன்று ஹூஸ்டனில், விண்வெளி மையத்தின் வாசலில் நிற்கிறது. அதன் முதுகில் ஒரு ஓடமும் உண்டு. ஒருமுறையும் பறக்காத மாதிரி ஓடம், கரி படியாத வெள்ளை வெளேர் நிறத்தில்.